முதல் பாடம் மிதப்பது: ராமநாதபுரம் கரையில் இலவச நீச்சல் வகுப்பு எதற்கு?

ஏப்ரல் கடைசி ஆனால் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது என் வேலை. பாக் விரிகுடாக் கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில், மே மாத லீவில் நாங்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் நீச்சல் சொல்லித் தருகிறோம். பேர் எழுதப் போனால் பாதி வீட்டில் ஒரே பதில்தான் வரும்: “கடக்கரையில பிறந்த பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கணுமாக்கும்?” மீதி வீட்டில் அதற்கு நேர் எதிரான பதில்: “எம்புள்ளைய தண்ணிப் பக்கமே விடுறதில்ல. அதுக்கு எதுக்கு நீச்சல்?”

இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நீந்துவது, முங்குவது, காப்பாற்றுவது ஆகிய மூன்றையும் நாம் பேச்சுவாக்கில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. வகுப்பில் பேர் எழுதுபவன், கயிறு பிடிப்பவன். கயிறு பிடித்த கையோடு கற்றுக்கொண்டதை, தண்ணீரில் கால் நனைக்காதவர்களுக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

மிதிக்கத் தெரியும், பிரேக் பிடிக்கத் தெரியாது

சைக்கிளிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு பையன் மைதானத்தில் நேராக, வேகமாக மிதிக்கிறான். பிரேக் பிடிக்கத் தெரியாது, இறங்கத் தெரியாது. அவனைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அனுப்புவீர்களா? கை கால் அடித்து முன்னால் போவது மிதிப்பது மாதிரி. களைத்துப்போனால் அசையாமல் மிதந்து மூச்சு வாங்குவது, குப்புற விழுந்தால் மல்லாக்கத் திரும்புவது, ஏற வழி இருக்கும் பக்கம் பார்த்து வருவது, இதெல்லாம் பிரேக். நம் பிள்ளைகளில் பலருக்கு முதலாவது தெரியும். அண்ணன் தள்ளிவிட்டான், நாலு மடக்கு குடித்தான், எப்படியோ கரைக்கு வந்தான், அன்றிலிருந்து “அவனுக்கு நீச்சல் தெரியும்.” இரண்டாவதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

உலக அளவில் பார்த்தால், 2021-ல் சுமார் 3,00,000 பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் 38,000 பேருக்கு மேல். இதில் நீச்சலே தெரியாதவர்களும் உண்டு, தெரியும் என்று நம்பி இறங்கியவர்களும் உண்டு.

முங்குவது என்றால் உண்மையில் என்ன?

“வயிறு முட்டத் தண்ணி குடிச்சுச் செத்துப்போனான்” என்று ஊரில் சொல்வார்கள். வயிற்றில் போன தண்ணீர் ஆளைக் கொல்வதில்லை. கொல்வது மூச்சுத் தடை.

2002-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலக மாநாட்டில் இதற்கு ஒரு வரையறை தந்தார்கள். தண்ணீர் போன்ற ஒரு திரவத்துக்குள் அமிழ்வதாலோ, அது முகத்தை மறைப்பதாலோ மூச்சுத் தடைபடும் நிகழ்வுதான் மூழ்குதல். இதில் சாவு என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். முங்கியவர் பிழைக்கலாம், பாதிப்போடு பிழைக்கலாம், இறக்கலாம். இருமிக்கொண்டே வெளியே இழுக்கப்பட்ட பையனும் முங்கியவன்தான். “ஒண்ணும் இல்ல, தப்பிச்சுட்டான்” என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைக்கிற பழக்கம் இந்த இடத்தில்தான் தப்பாகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது? நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சின்டெக்ஸ் தொட்டியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். மோட்டார் நின்றுவிட்டால் மேல்தொட்டியில் இருப்பது தீரும்வரைதான் குழாயில் தண்ணீர். மூச்சுதான் மோட்டார். ரத்தத்திலும் நுரையீரலிலும் இருக்கும் ஆக்சிஜன்தான் தொட்டி. ஆனால் நம் உடம்பில் இருக்கிற தொட்டி ரொம்பச் சின்னது. முகம் தண்ணீருக்குள் போனதும் முதலில் மூச்சை அடக்குவோம். கொஞ்ச நேரத்தில் உடம்பில் சேரும் கரியமில வாயு ‘மூச்சு விடு, விடு’ என்று நெருக்கும். அடக்க முடியாமல் இழுக்கும் அந்த மூச்சில் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். நுரையீரலில் காற்று ரத்தத்தோடு கலக்கும் குட்டிக் குட்டிப் பைகளுக்கு நுண்ணறைகள் என்று பெயர். அவற்றில் தண்ணீர் புகுந்தால் ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லை. தொட்டி காலியாகக் காலியாக நினைவு தப்பும், அதன் பிறகு இதயம் நிற்கும். எல்லாம் சில நிமிடக் கதை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: முங்குவது மூச்சின் பிரச்சினை. அதனால் தண்ணீரில் முதலில் காப்பாற்ற வேண்டியது மூச்சை.

முங்குகிறவர் ஏன் கத்துவதில்லை?

சினிமாவில் முங்குகிறவர் கையை ஆட்டுவார், “காப்பாத்துங்க” என்று அலறுவார். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே வராது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். பத்து வயதில், அம்மா ஊர்க் கண்மாயில். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு எட்டு வைத்தேன், தரை இல்லை. என் மாமா மகன் இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வாய் தண்ணீருக்கு மேலே வரும் ஒரு நொடியில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருந்தது. கத்த வேண்டும் என்ற யோசனைகூட வரவில்லை. மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். “நீ வெளையாடுறேன்னுல்ல நெனச்சேன் மச்சான்” என்று அவன் அழுதான்.

நியூயார்க்கில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா என்பவர், கடலில் தத்தளிப்பவர்களைப் படம் பிடித்து, திரும்பத் திரும்பப் பார்த்து இதை விளக்கினார். உடம்பு தானாகச் செய்யும் இந்தச் செயலுக்கு மூழ்கல் அனிச்சை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அனிச்சை என்றால் நாம் நினைத்துச் செய்யாதது, தும்மல் மாதிரி. அப்போது உடம்புக்கு முதல் வேலை மூச்சு, பேச்சு அப்புறம்தான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். வாயை மேலே கொண்டுவர உடம்பு செய்யும் முயற்சி அது. அந்தக் கையைத் தூக்கி ஆட்டவோ, தள்ளி நிற்கும் கம்பை எட்டிப் பிடிக்கவோ அவரால் முடியாது. உடம்பு நட்ட கம்பு மாதிரி நேராக நிற்கும், கால் உதைக்காது. கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறப் பார்ப்பது போல இருக்கும். இப்படி 20 முதல் 60 நொடி வரை. அதற்கப்புறம் தலை உள்ளே போய்விடும்.

சரி, கத்திக் கையாட்டுபவர் நடிக்கிறாரா? இல்லை. அவர் முந்தைய கட்டத்தில் இருக்கிறார். மூச்சு இன்னும் அவர் வசம் இருக்கிறது, எதையாவது வீசினால் பிடித்துக்கொள்வார். உடனே வீச வேண்டும்.

நாங்கள் பெற்றோருக்குச் சொல்லும் சோதனை ஒன்றுதான். சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள்: “டேய், என்னடா பண்ற?” பதில் வந்தால் மூச்சு இருக்கிறது. பதில் வராமல், கண் எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு அரை நிமிடம்தான். தண்ணீரில் பிள்ளைகள் சத்தம் போட்டால் நாம் திட்டுகிறோம். சத்தம் நின்றால்தான் எழுந்து பார்க்க வேண்டும்.

உடம்பு மிதக்குமா, மிதக்காதா?

“என் உடம்பு கனம், மிதக்காது” என்று வகுப்பில் தினமும் யாராவது சொல்வார்கள். கடலில் ஒரு இளநீர்க் காயைப் போட்டுப் பாருங்கள். மிதக்கும், ஆனால் பெரும்பகுதி உள்ளேதான் கிடக்கும், கொஞ்சம்தான் வெளியே தெரியும். மனித உடம்பும் அப்படித்தான். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் உடம்பு தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு. முகம் அளவுக்கு வெளியே நிற்கும். காற்றை முழுசாக வெளியே விட்டால் பலருக்கு அந்த முகமும் உள்ளே போகும். அதாவது மிதப்பதும் அமிழ்வதும் ஒரு மூச்சுக் காற்றில் இருக்கிறது.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. தண்ணீருக்கு வெளியே நிற்கும் பாகத்தைத் தண்ணீர் தாங்காது, மீதி உடம்புதான் தாங்க வேண்டும். பெரியவர் ஒருவரின் தலையே நாலைந்து கிலோ இருக்கும். பயந்துபோய்த் தலையை நிமிர்த்தி, இரண்டு கையையும் மேலே தூக்கினால், தாங்க வேண்டிய பாரம் கூடுகிறது. உடம்பு அந்த அளவுக்குக் கீழே போகிறது. பயம் சொல்வதும் தண்ணீர் கேட்பதும் நேர் எதிர். பயம் “தலையைத் தூக்கு” என்னும். தண்ணீர் “தலையை என் மேல சாய்” என்னும். மல்லாக்கப் படுத்து, இரண்டு காதும் தண்ணீருக்குள் போகும்படி தலையைச் சாய்த்து, நெஞ்சை மேலே தள்ளி, கையை விரித்துவிட்டால் வாயும் மூக்கும் வெளியே நிற்கும். கால் கொஞ்சம் தாழும், தாழட்டும்.

கடல் உப்புத் தண்ணீர் ஒரு லிட்டர் சுமார் 1,025 கிராம், நல்ல தண்ணீர் 1,000 கிராம். 60 கிலோ ஆளுக்கு இந்த வித்தியாசம் சுமார் ஒன்றரைக் கிலோ கூடுதல் தாங்கலாகக் கிடைக்கும். அதனால் கடலில் மிதந்து பழகிய பிள்ளைக்குக் கண்மாய் கொஞ்சம் ‘இழுக்கும்.’ கிணற்றில் பழகிய பையனுக்குக் கடல் தூக்கிக் கொடுக்கும், ஆனால் அலை அவன் கணக்கில் இருக்காது. ஒரு தண்ணீரில் படித்த பாடம் இன்னொன்றில் அப்படியே செல்லாது.

சுருக்கமாக: மூச்சை உள்ளே வை, காதை நனை, கையைத் தண்ணீருக்குள்ளேயே வை. கத்துவதென்றால் மிதக்க ஆரம்பித்த பிறகு கத்தலாம்.

இரண்டு கடலும் ஒரு கண்மாயும்

ராமேஸ்வரம் தீவில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைவு, பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, அலை உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, பெண் கடல் என்றால் பயமில்லை என்று இறங்குகிறார்கள். மீனவர்கள் அப்படிச் சொல்வதில்லை, அவர்கள் காற்றைப் பார்ப்பார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வாடை அடிக்கும் மாதங்களில் அந்தப் பெண் கடலே கரையில் படகை நிற்க விடாது. நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்பார்கள். பாம்பன் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் அந்த இழுப்பு கண்ணுக்கே தெரியும். பருவம் மாறினால் திசையும் மாறும். தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் நுனியான அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் குளிக்கக் கூடாது என்று தடுப்பதற்கும் இதுதான் காரணம். மேலே பார்க்க எவ்வளவு அழகோ, காலுக்கடியில் மணல் அவ்வளவு ஓடிக்கொண்டிருக்கும்.

அலை அடிக்கும் கரைகளில் இன்னொரு ஆபத்து, ரிப் கரண்ட் எனப்படும் உள்ளிழுப்பு. கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாய் முழுக்கத் தண்ணீர் சும்மா கிடக்கும். மடை திறந்த இடத்தில் மட்டும் சீறிக்கொண்டு ஓடும். கடலில் அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுக்கு நடுவே ஒரு இடைவெளி கிடைத்தால் எல்லாம் அந்த வழியே மடை மாதிரி வெளியே பாயும். அந்த இடத்தில் அலை உடையாது. அதனால் இரண்டு பக்கமும் நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் அது மட்டும் அமைதியாகத் தெரியும். பாவம், குளிக்க வருபவர்கள் அதைத்தான் நல்ல இடம் என்று தேர்ந்தெடுப்பார்கள்.

உள்ளிழுப்பு கீழே இழுப்பதில்லை, வெளியேதான் இழுக்கும். எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் எப்பேர்ப்பட்ட ஆளும் களைத்துவிடுவார். மடை அகலம் கொஞ்சம்தான். மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் ஓட்டம் விட்டுவிடும். அப்புறம் அலையோடு கரைக்கு வரலாம். நீந்தத் தெம்பில்லை என்றால் மல்லாக்க மிதந்து, அப்போது கையை உயர்த்தி உதவி கேட்கலாம்.

கடலைப் பற்றி இவ்வளவு பேசினாலும், என்னைக் கேட்டால் நம் மாவட்டத்தில் அதிகம் பயப்பட வேண்டியது கண்மாய்க்கும் ஊருணிக்கும்தான். கோடையில் வறண்டு கிடக்கும்போது மண் அள்ளுகிறார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் வந்து குழியை மூடிவிடுகிறது. போன வருடம் முழங்கால் அளவு இருந்த இடம் இந்த வருடம் ஆளுயரம். கரை சரிவாக இறங்காது, செங்குத்தாக வெட்டி விட்டிருப்பார்கள். அடியில் களி. மேலே ஒரே மாதிரி கலங்கல், ஆழம் தெரியாது. வருடத்தில் பாதி நாள் தண்ணீரே இல்லாத ஊரில், பிள்ளைகளுக்குப் பழக்கமும் இல்லை. தண்ணீர் வந்ததும் ஊரே கொண்டாட்டமாக இறங்கும். நான் முங்கியதும் அப்படி ஒரு மழைக்குப் பிறகுதான்.

நீட்டு, வீசு, இறங்காதே

“காப்பாற்றப் போனவரும் பலி” என்ற செய்தியைப் படிக்காத மாதம் உண்டா? முங்குகிறவர் கையில் எது கிடைத்தாலும் அதை அழுத்தி மேலே வரப் பார்ப்பார். அது உங்கள் தோளாக இருந்தால் நீங்கள் கீழே போவீர்கள். பயிற்சி இல்லாதவர் நீந்திப் போய்த் தூக்குவது வீரம்தான், ஆனால் பல நேரம் அது இரண்டாவது சாவு.

அதனால் பிள்ளைகளுக்கு நாங்கள் மனப்பாடம் செய்ய வைப்பது: நீட்டு, வீசு, இறங்காதே. கரையில் குப்புறப் படுத்துக் கம்பையோ துடுப்பையோ துண்டையோ நீட்டலாம். எட்டவில்லை என்றால் மிதக்கும் பொருளை வீசலாம். வீட்டுக்கு வீடு இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன், மூடி இறுகப் போட்டால், ஒரு ஆளைத் தாராளமாகத் தாங்கும். சின்ன ஐந்து லிட்டர் கேன் என்றால் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வீசுங்கள். வெறும் கேன் காற்றில் திரும்பி வந்துவிடும். கைப்பிடியில் நைலான் கயிறு கட்டியிருந்தால் இன்னும் நல்லது. முங்குகிறவர் தேடிப் பிடிக்க மாட்டார் என்பதால் கை மேலேயே விழும்படி வீச வேண்டும்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் தத்தளித்தபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரைசேர்த்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. சேலைதான் அன்றைக்குக் கயிறு.

கடலில் என்றால் வீசும்போதே இன்னொருவர் போன் செய்ய வேண்டும். கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108.

கரையில் போட்ட பிறகு

முங்கியவரைத் தோளில் போட்டுச் சுற்றுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, குடத்தின் மேல் கவிழ்த்து வயிற்றை அமுக்குவது, இவை எல்லா ஊரிலும் உண்டு. வெளியே வரும் தண்ணீரைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி. அது வயிற்றுத் தண்ணீர். அது உணவோடு சேர்ந்து மேலே வந்து மூச்சுக்குழாயில் போனால் இருக்கிற வழியும் அடைபடும். அதைவிடப் பெரிய நட்டம், சுற்றுகிற நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் இல்லை.

தொட்டிக் கதைக்குத் திரும்புவோம். தொட்டி காலி. மோட்டாரை ஓட்டாமல் குழாயைத் திறந்து என்ன பயன்? திடீரென்று மாரடைப்பில் விழுந்தவர் ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், நெஞ்சை அழுத்தினால் அது சுற்றும். முங்கியவர் ரத்தத்தில் மிச்சமே இல்லை. அதனால் இவருக்கு முதலில் காற்று. கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊத வேண்டும். சில பயிற்சிகளில் இரண்டு என்பார்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை. வாயில் நுரை வந்தால் அதைத் துடைப்பதில் நேரத்தைப் போக்காமல் ஊத வேண்டும். இதைப் படித்தால் மட்டும் கை வராது. எங்கள் வகுப்பில் ஒரு நாள் முழுக்கப் பொம்மை வைத்துப் பழக்குகிறோம், பெற்றோரையும் சேர்த்து.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல் கூடலாம். விடாத இருமல், வேகமான மூச்சு, தூக்கக் கலக்கம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தவழும் பிள்ளைக்கு நீச்சல் உதவாது

உலக சுகாதார நிறுவனம் நீச்சல் பயிற்சி சொல்வது ஆறு வயதுக்கு மேல். அதற்குக் கீழே மூடியும் கண்ணும்தான் பாதுகாப்பு. நம் மாவட்டத்தில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு கிடையாது. தரைத்தொட்டி, டிரம், அண்டா என்று வீடெல்லாம் தண்ணீர். தவழும் பிள்ளை வாளியில் தலைகீழாக விழுந்தால் ஒரு சாண் தண்ணீரே போதும், தலை கனத்தால் தானாக நிமிர முடியாது. தொட்டிக்குப் பூட்டுப் போட்ட மூடி, வேலை நேரத்தில் பிள்ளைக்கு அங்கன்வாடி. வங்கதேசத்தில் கிராமக் காப்பகங்கள் வைத்து இதைத்தான் செய்தார்கள்.

வகுப்பில் என்ன நடக்கிறது

அந்த வங்கதேசத்தில்தான், நீச்சல் குளம் இல்லாத கிராமங்களில், ஊர்க் குளத்துக்குள் மூங்கில் மேடை கட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தார்கள். அவர்கள் வைத்த அளவுகோல் எளிது: 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 நொடி மிதக்க வேண்டும், கரையிலிருந்து ஒருவரை மீட்கத் தெரிய வேண்டும். அதைக் கற்ற குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது பெருமளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. பதக்கம் வாங்கும் நீச்சல் இல்லை இது. 1966-ல் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்த மிஹிர் சென் என்பவரையும், 1994-ல் 12 வயதில் அதே பாக் நீரிணையைக் கடந்த குற்றாலீஸ்வரனையும் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வோம். கூடவே, அவர்களுக்கே துணைக்கு ஆள் வந்தது என்பதையும் சொல்வோம்.

எங்களிடம் மேடையும் இல்லை. காலை ஆறு மணிக்கு, காற்று எழும் முன், இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு கயிறு கட்டி, மூடி இறுக்கிய கேன்களைக் கோத்துவிடுவோம். அதுதான் எல்லை. படகு வந்து போகும் வாய்க்காலுக்குத் தள்ளியே கட்டுவோம், அங்கே மட்டும் திடீரென்று ஆழம். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், கரையில் எண்ணுவதற்கு மட்டும் ஒருவர். அவருக்குப் போன் பார்க்க அனுமதி இல்லை. நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தே நடக்க வேண்டும், திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும்.

முதல் இரண்டு நாள் யாரும் கை அடிக்கக் கூடாது. வாயைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழ் விட வேண்டும், அவ்வளவுதான். பெற்றோருக்கு இது பொறுக்காது, “என்ன வெளையாட்டு காட்டிக்கிட்டிருக்கீங்க?” என்பார்கள். மூச்சைத் தன் வசம் வைத்துக்கொள்ளும் பாடம் அது. அதற்கப்புறம் மிதப்பது, குப்புறக் கிடந்து மல்லாக்கத் திரும்புவது, கடைசியில்தான் கை கால்.

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. பையன்கள் எப்படியோ தண்ணீரில் விழுந்து எழுந்து பழகிவிடுகிறார்கள். கடற்கரையிலேயே பிறந்த பெண்ணுக்குக் கணுக்காலுக்கு மேல் கடல் தெரியாது. 2004 சுனாமியில் கடலூர்ப் பக்கக் கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்ததற்கு, நீந்தத் தெரியாததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். எங்களுக்கு இதில் வழிகாட்டியது பாசி எடுக்கப் போகும் அக்காக்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சேலைக்கு மேலே சட்டை போட்டுக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். அப்படி ஒரு அக்கா வந்து நின்ற பிறகு “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு” என்ற பேச்சு அடங்கியது. அவர் வைத்த விதி, வீட்டில் போடும் துணியோடுதான் கற்க வேண்டும் என்பது. கண்மாயில் விழும்போது நீச்சல் உடையோடா விழப்போகிறோம்? நனைந்த துணி தண்ணீருக்குள் ஆளை அமிழ்த்தாது, அசைவைத்தான் தடுக்கும். வெளியே ஏறும்போதுதான் கனக்கும். அதையும் பழகியிருக்க வேண்டும்.

அந்த அக்கா சொல்லித் தருவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிள்ளையின் பிடரிக்கடியில் இரண்டு விரல் மட்டும் வைப்பார். “காது நனையட்டும். இன்னும். வானத்தப் பாரு, என்னையப் பாக்காத.” பிள்ளையின் கழுத்து நரம்பு விறைத்திருக்கும்வரை விரல் அங்கேயே இருக்கும். அது தளர்ந்த அடுத்த நொடி விரலை எடுத்துவிடுவார், பிள்ளைக்கே தெரியாமல்.

போன மே கடைசி நாள் தேர்வு. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, சுடிதாரோடு, கயிற்றுக்கு உள்ளே மல்லாக்கக் கிடந்தது. முப்பது நொடி ஆகிவிட்டது, ஒரு நிமிடமும் ஆகிவிட்டது, எழவில்லை. கையும் ஆடவில்லை, காலும் ஆடவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த அதன் அப்பத்தா பதறி எழுந்து முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டார்.

“அடியே, என்னடி ஆச்சு? ஏன்டி இப்படிக் கெடக்க?”

“ஒண்ணும் ஆகல அப்பத்தா,” என்றது பிள்ளை, தலையைத் தூக்காமல். “மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்.”